ஏழிலேயே நின்ற குளம்

நடந்தது வரிசையாக இதுதான்:

1. திருப்பதியில் ஒரு ஹோட்டலின் நீச்சல் குளத்துக்கு நான் பி.ஹெச் புரோப் பொருத்தினேன்.
2. ஆயுத பூஜையன்று புரோப்புக்கும் பூஜை நடந்தது.
3. தண்ணீர் புளித்தது. குளித்தவர்களின் கண் சிவந்தது.
4. நான் போய்ச் சரிசெய்தேன். திரும்பும்போது ஒரு பாட்டிலையும் ஓர் அறிவுரையையும் விட்டுவிட்டு வந்தேன்.
5. திரையில் எண் ஏழுக்கு வந்தது. இரண்டு மாதம் அங்கேயே நின்றது.
6. தண்ணீரைச் சிறப்பாகப் பராமரித்ததற்காக ஹோட்டலுக்கு அதன் தலைமை அலுவலகம் சான்றிதழ் கொடுத்தது.
7. எண் ஏழில் இருக்கும்போதே தண்ணீர் பால்போலக் கலங்கியது.
8. குளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டரை வேலையைவிட்டு நீக்க ஒரு கடிதம் தயாரானது. அதற்கு நான் ஒரு வரி எழுதித் தர வேண்டியிருந்தது.

எட்டாவதுதான் விஷயம். மற்ற ஏழும் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதன் விவரம்.

நான் சித்தூரில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். வீடும் சித்தூரில்தான். நீச்சல் குளங்களுக்கு மருந்து கலக்கும் கருவிகளை விற்கும் ஒரு சென்னை நிறுவனத்துக்கு இந்தப் பக்கத்தின் சர்வீஸ் இன்ஜினியர் நான் ஒருத்திதான். காலையில் பஸ் பிடித்தால் சந்திரகிரி தாண்டுவதற்குள் அன்றைக்குச் செய்ய வேண்டியவற்றின் பட்டியலைப் போட்டு முடித்துவிடுவேன். பட்டியலில் இல்லாதவைதான் பெரும்பாலும் நடக்கும். இருந்தாலும் போடுவேன்.

பி.ஹெச் புரோப் என்பது தடித்த பேனா அளவுக்கு ஒரு குழாய். நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ், அதை ஒட்டி ஒரு நுண்துளை வளையம். தண்ணீர் புளிப்புப் பக்கம் போகிறதா, சுண்ணாம்புப் பக்கம் போகிறதா என்பதைக் குமிழ் உணர்ந்து சில மில்லிவோல்ட் மின்சாரமாகச் சொல்லும். சுவரில் இருக்கும் பெட்டி அதை எண்ணாக மாற்றும். எண் 7.4-ஐத் தாண்டினால் பெட்டி ஆசிட் பம்பை ஓடச் சொல்லும். எண் ரொம்பக் கீழே போனால் தண்ணீர் புளிக்கும், கண் எரியும், ஏணி துருப்பிடிக்கும். ரொம்ப மேலே போனால் குளோரின் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கும், தண்ணீர் கலங்கும். ஆக, ஒரு கண்ணாடிக் குமிழின் பேச்சைக் கேட்டுத்தான் ஒரு குளம் முழுக்க நடக்கிறது. அந்தக் குமிழை ஈரமாக வைக்க வேண்டும், துடைக்கக் கூடாது, அதற்கென்று இருக்கும் உப்புக் கரைசலில் வைக்க வேண்டும், மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஒரு வீட்டு மாப்பிள்ளைக்கு நடக்கிற உபசாரம்தான். மாப்பிள்ளை மாதிரியே, குறை இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லாது. தப்பாகக் காட்டும்.

அந்த ஹோட்டல் மலையடிவாரத்துச் சாலையில் இருக்கிறது. மேலே தரிசனம் முடித்து மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு கீழே வரும் குடும்பங்கள் அறைக்குள் பையை எறிந்த கையோடு குளத்தில் குதிக்கும். மூன்று மொழியில் பலகை இருக்கிறது: சந்தனத்தைக் கழுவிவிட்டு இறங்கவும். பலகைக்குக் கீழே செருப்பு விடுவார்கள். பலகையால் முடியாத வேலையை ஆபரேட்டர் செய்வார். ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். “தலைய காட்டு சாமி” என்பார். மூன்று வயதுக் குழந்தையானாலும், பெரிய அதிகாரியானாலும் அவரிடம் குனிந்து தலையைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். நகரி பக்கம். முன்பு அங்கே ஒரு சாயப் பட்டறையில் இருந்தவர். தண்ணீரைக் கையில் அள்ளி வெளிச்சத்தில் பார்த்தே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். எங்கள் புரோப் வந்த பிறகு அவரிடம் யாரும் கேட்பதில்லை. எண் வந்துவிட்டது அல்லவா.

எண் எங்கே தெரியும் என்பதை மேனேஜர் முடிவு செய்தார். வரவேற்பறையில் ஒரு பெரிய டி.வி. தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அறையை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், குளத்தின் பி.ஹெச் என்ன, மூன்றும் மாறி மாறி வரும். 7.4 என்பது தர்ம தரிசனத்துக்கு ஏழரை மணி நேரம் என்று நினைத்து ஒரு குடும்பம் மூட்டையோடு மலையேறாமல் உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி. கண்ணீரின் பி.ஹெச்சும் 7.4தான் என்று எங்கள் விற்பனைக்காரர் மேனேஜரிடம் சொல்லிவைத்திருந்தார். அவர் அதை ஒவ்வொரு விருந்தினரிடமும் சொன்னார். ஊரெல்லாம் நிம்மதி தேடி வரும் இடத்தில், எங்கள் குளம் கண்ணீருக்குச் சமம் என்று.

ஆயுத பூஜை வந்தது. பம்பு அறையில் எந்த இயந்திரமும் விடுபடக் கூடாது என்பது மேனேஜரின் உத்தரவு. மோட்டார்கள், ஃபில்டர்கள், சுவிட்ச் போர்டு, ஸ்பேனர், துடைப்பம் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். புரோப் குழாய்க்குள் இருந்தது. அதை மரை கழற்றி வெளியே எடுத்து, வாழை இலையில் கிடத்தி, கண்ணாடிக் குமிழ் முழுக்கச் சந்தனம் தடவி நடுவில் குங்குமம் வைத்தார்கள். தண்ணீர் பட்டு உதிரக் கூடாது என்று நல்லெண்ணெயில் குழைத்து வைத்தார்கள். தீபாராதனை ஆனதும் மறுபடி குழாய்க்குள் மாட்டினார்கள். ஹோட்டல் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு ஃபோனை உள்ளே வைத்தேன்.

குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கின்றன. ஆரத்தித் தண்ணீர் சிவப்பது எதனால் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், புரோப்புக்கும் தெரிந்திருந்தது. தன்னைச் சுற்றி ஒரே சுண்ணாம்பு என்று அது உண்மையைத்தான் சொன்னது. திரையில் 8.9. பெட்டி ஆசிட் பம்பை ஓட்டியது. எண் இறங்கவில்லை. மேலும் ஓட்டியது. நான்காம் நாள் ஆசிட் கேன்கள் காலி.

விருந்தினர்கள் சிவந்த கண்களோடு வெளியே வந்தார்கள். வரிசையில் தூங்காமல் நின்றதால் வந்த சிவப்பு என்று வரவேற்பறையில் சமாதானம் சொன்னார்கள். ஒருவருடைய செப்புக் காப்பு தேய்க்காமலே பளபளத்ததாம். அவர் அதைக் குளத்தின் மகிமை என்று எடுத்துக்கொண்டு மறுநாளும் இறங்கினார். ஏணியின் கால் பழுப்பேறியபோதுதான் மேனேஜர் என்னை அழைத்தார்.

பி.ஹெச்சை நிறமாகக் காட்டும் சொட்டு மருந்தைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். எலுமிச்சை மஞ்சள். தண்ணீர் ஐந்தரைக்குப் பக்கத்தில் இருந்தது. புரோப்பைக் கழற்றினேன். கையில் ஒரு குட்டி மொட்டைத் தலை வந்தது, சந்தனத்தோடு.

ஆபரேட்டரைப் பார்த்தேன். அவர் என்னையும் புரோப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மோட்டாருக்கு வச்சிட்டு இதுக்கு வைக்காம உட்டா எப்படி மேடம். எல்லாத்தையும் வேலை வாங்குறதே இதுதானே.”

தர்க்கத்தில் பிழை சொல்ல முடியவில்லை. லேசான சோப்புத் தண்ணீர், பிறகு நீர்த்த ஆசிட், பிறகு அலசல். நுண்துளை வளையத்தில் எண்ணெய் ஏறியிருந்ததால் அரை நாள் பிடித்தது. ஆபரேட்டரை அருகில் உட்காரவைத்து, மாதாமாதம் சரிபார்ப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொடுத்தது தப்பில்லை, கற்றுக்கொடுத்த விதம்தான் தப்பு. சரிபார்ப்பதற்கு பஃபர் என்று ஒரு திரவம் உண்டு, மஞ்சள் நிறம். அதன் பி.ஹெச் ஏழு என்று உறுதி செய்யப்பட்டது. அந்தப் பாட்டிலை அவர் கையில் கொடுத்து நான் சொன்ன வாக்கியம் இது:

“இந்த பாட்டில்ல வச்சா எப்பவுமே ஏழுதான் காட்டணும் அண்ணா.”

அவர் அதை மனப்பாடம் செய்வதுபோல ஒருமுறை திருப்பிச் சொன்னார். நான் மகிழ்ந்தேன். கூடவே சொட்டு மருந்துப் பெட்டி ஒன்றையும் கொடுத்தேன். சாயப் பட்டறைக்காரருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீரில் சொட்டு விட்டு நிறத்தைப் பார்த்ததுமே மூன்று பெயர் வைத்துவிட்டார்: எலுமிச்சை என்றால் புளிப்பு, தக்காளி ரசம் என்றால் சரி, பீட்ரூட் என்றால் ஆசிட் கேட்கிறது.

நான் போன பிறகு நடந்ததைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஒரு குளத்தின் எண் ஆடும். வெயிலுக்கு ஆடும், கூட்டத்துக்கு ஆடும், மழைக்கு ஆடும். 7.3, 7.5, 7.6. வரவேற்பறை டி.வி.யில் எண் மாறும்போதெல்லாம், ஒருமுறை சூடுபட்ட மேனேஜர் இன்டர்காமில் பம்பு அறையை அழைத்தார். எண் ஏன் அசைந்தது என்று கேட்டார். கல்யாணக் கூட்டம் வந்திருந்த ஒரு நாளில் ஆறு முறை கேட்டதாகவும், இன்னொரு தடவை எண் அசைந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதாகவும் ஆபரேட்டர் சொன்னார். எண் அசையக் கூடாது. எந்த இடத்தில் அசையாது என்பது அவருக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன்.

குழாயிலிருந்து புரோப்பை எடுத்தார். துளையை மூடி போட்டு டெஃப்லான் டேப் சுற்றி அடைத்தார். புரோப்பை மஞ்சள் பாட்டிலுக்குள் இறக்கி, திரவம் ஆவியாகாமல் இருக்க வாய்க்கும் டேப் சுற்றினார். பாட்டிலைப் பம்பு அறையில் சாமி படத்துக்குக் கீழே பலகையில் வைத்தார். தினமும் படத்துக்குப் பூ வைக்கும்போது பாட்டில் மூடியிலும் ஒரு செவ்வந்தி. அது யாரோ வேண்டிக்கொண்ட காரியம் என்று நினைத்து அறை சுத்தம் செய்பவர்கள் யாரும் அதைத் தொடவில்லை.

திரையில் 7.0. இன்டர்காம் அடங்கியது. புரோப் ஏழு என்றதால் பெட்டி ஆசிட் பம்பை ஓட்டவே இல்லை. ஆபரேட்டர் காலையும் மாலையும் சொட்டு விட்டு நிறம் பார்த்தார். தக்காளி ரசம் வரும்வரை அளந்து கையால் ஆசிட் கலந்தார். கருவி சாமி படத்தின் கீழ் ஓய்வெடுத்த இரண்டு மாதமும் அந்தத் தண்ணீர் அதற்கு முன் இல்லாத அளவுக்கு நன்றாக இருந்தது. விருந்தினர்கள் பாராட்டி எழுதினார்கள். தலைமை அலுவலகத்தில் யாரோ அசையாத வரைபடத்தைப் பார்த்து வியந்து சான்றிதழ் அனுப்பினார்கள். தானியங்கிக் கட்டுப்பாட்டில் முன்மாதிரி என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் நிறுவனமும் அதைத் தன் விளம்பரத்தில் போட்டுக்கொண்டது. அந்த இரண்டு மாதமும் நான் மாதம் ஒருமுறை பார்க்கப் போயிருக்க வேண்டும். எண் ஒழுங்காக இருந்ததால் ஃபோனிலேயே விசாரித்துப் பட்டியலில் டிக் அடித்தேன்.

பிறகு ஆபரேட்டரின் மகளுக்குப் பிரசவ நேரம். எட்டு நாள் லீவு கேட்டார். அந்த எட்டு நாளும் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போடச் சொன்னார். ஏன் என்று சொல்ல முடியவில்லை. எல்லாம் ஆட்டோமேட்டிக், ஆள் எதற்கு என்று கேட்டுவிட்டு மேனேஜர் லீவை மட்டும் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் எனக்கு ஃபோன் வந்தது. “நம்பர் பாகுந்தி, நல்லாதான் இருக்கு மேடம்,” என்றார் மேனேஜர், “தண்ணிதான் ரிப்பேர்.”

போய்ப் பார்த்தேன். குளத்தில் இரண்டாவது படிக்கட்டு தெரியவில்லை. ஓரத்து டைல்ஸில் வெள்ளைக் கோடு. சொட்டு விட்டேன். பீட்ரூட். திரையில் 7.0. பெட்டியைத் திறந்து பழைய வரைபடத்தைப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. கேபிளைப் பிடித்துக்கொண்டு போனேன். அது சுவரோடு ஏறி, பலகைக்குப் போய், செவ்வந்திக்குக் கீழே முடிந்தது.

என் பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். பாட்டிலில் என்ன என்று கேட்டார். சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமா என்று அப்புறம் யோசித்தேன். அப்போது தோன்றவில்லை, கேள்வி கேட்டால் பதில் சொல்வது என் பழக்கம்.

ஆபரேட்டருக்கு ஃபோன் செய்தேன். புத்தூரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார். பேத்தி பிறந்திருந்தாள். நான் பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். “தண்ணி பீட்ரூட்டா மேடம்” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “ஒரே மட்டா ஊத்தாதீங்க. ரெண்டு வேளையா ஊத்துங்க. ஏணி போயிரும்.” அவர் சொன்னபடியே செய்தேன்.

மறுநாள் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மேனேஜரின் அறைக்கு வந்தார். நான் ஏற்கனவே உட்கார்ந்திருந்தேன். மேசைமேல் கடிதம் இருந்தது. அதில் காரணம் எழுதும் இடம் மட்டும் காலி. தலைமை அலுவலகத்துக்கு வெளியாள் ஒருவரின் தொழில்நுட்ப அறிக்கை வேண்டுமாம்.

எங்கள் சர்வீஸ் அறிக்கை ஃபோனில் நிரப்புவது. கோளாறுக்கான காரணம் என்ற இடத்தைத் தொட்டால் ஐந்து வாய்ப்பு விரியும்: கருவியின் கோளாறு, பயன்படுத்துபவரின் தவறு, மின்சாரம், இயற்கைச் சீற்றம், மற்றவை. கருவி என்பதை மட்டும் தொட்டுவிடாதே என்று சென்னையிலிருந்து என் மேலதிகாரி காலையிலேயே சொல்லிவிட்டார். கருவி அப்பாவி என்பது உண்மையும்கூட. மேனேஜருக்கு வேண்டியது இரண்டாவது.

“மீரு ஒரே ஒரு லைன் எழுதுங்க, சாலு, போதும்,” என்றார். “சென்சாரை பாட்டில்ல போட்டு கம்பெனியை ஏமாத்திட்டார்.”

ஆபரேட்டர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“ஏமாத்தல சார். நம்பர் அசைஞ்சா வேற ஆள பாத்துக்குவேன்னீங்க. தண்ணி அசையாம இருக்குமா. அதான் நம்பர ஓரமா உக்கார வச்சிட்டு, தண்ணிய நான் பாத்துக்கினு இருந்தேன்.”

“சர்டிபிகேட் மெஷினுக்குக் கொடுத்தது,” என்றார் மேனேஜர்.

“மெஷின் பாட்டில்ல இருந்துச்சு சார்.”

மேனேஜர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஒரு வரி எழுதக்கூடியவள் இல்லை. காரணங்களை வரிசைப்படுத்தாமல் என்னால் எழுத முடியாது. அறிக்கையில் விவரம் கேட்கும் இடத்தில் எழுதிக்கொண்டே வாசித்தேன். ஒன்று, ஆயுத பூஜையில் குமிழுக்குக் குங்குமம் வைக்கப்பட்டது. இரண்டு, எண்ணின் இயல்பான அசைவு கோளாறாகக் கருதப்பட்டது. மூன்று, பாட்டிலில் எப்போதும் ஏழு காட்டும் என்று சர்வீஸ் இன்ஜினியர் சொன்னார். அதில் வைக்கும்போது தண்ணீரை அது பார்ப்பதில்லை என்பதைச் சொல்லவில்லை. நான்கு, மாதப் பார்வையை அவர் ஃபோனில் முடித்துக்கொண்டார். ஐந்து, லீவில் மாற்று ஆள் கேட்கப்பட்டது, கொடுக்கப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் இணைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. முதல் காரணத்துக்கு வாட்ஸ்அப் குழுவின் படத்தை எடுத்து, முதன்முறையாகப் பெரிதாக்கினேன். வாழை இலை, அதில் புரோப், குமிழின்மேல் குங்குமம் வைக்கும் விரல். விரலில் ஒரு நவரத்தின மோதிரம்.

அதே மோதிரம் மேசைக்கு அந்தப் பக்கம், மேனேஜரின் விரலில், கடிதத்தின்மேல் இருந்தது.

நான் இதை மிரட்டலாகச் செய்யவில்லை. படத்தின் கீழே என்னுடைய கும்பிடு பொம்மையும் தெரிந்தது. அதையும் வெட்டாமல்தான் இணைத்தேன். மேனேஜர் ஃபோனை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“இது ஹெட் ஆபீசுக்குப் போகுமா.”

“அறிக்கை முழுசா போகும் சார்.”

“பூஜையெல்லாம் எதுக்கு மேடம் இதுல. தப்பு பண்ணது ட்ரெய்னிங். அந்தே, அவ்வளவுதான்.”

ட்ரெய்னிங் கொடுத்தது நான். அவர் யோசித்துச் சொன்னாரோ இல்லையோ, ஐந்து காரணங்களில் எனக்கு மிகவும் உறுதியாகத் தெரிந்தது மூன்றாவதுதான். மற்றவை என்பதைத் தொட்டேன். நாற்பது எழுத்துக்குள் எழுத வேண்டும். ‘பயிற்சி அளித்தவரின் குறை’ என்று எழுதினேன். இடம் மிச்சமிருந்தது. படத்தை எடுத்துவிடச் சொல்லி மேனேஜர் கேட்டார். கடிதத்தை எடுத்தால் படத்தை எடுக்கிறேன் என்றேன். அது மட்டும் கொஞ்சம் மிரட்டல்தான்.

அவர் கடிதத்தை இழுப்பறையில் போட்டார். கிழிக்கவில்லை. நான் படத்தை அறிக்கையிலிருந்து எடுத்தேன். ஃபோனிலிருந்து அழிக்கவில்லை.

அன்று மாலைக்குள் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. எந்த இன்ஜினியரும் இதுவரை தன் பெயரைத் தானே எழுதியதில்லை, அதற்கு மென்பொருளில் இடமே இல்லை என்றார் மேலதிகாரி. என்னை நிரந்தரமாக்குவதை மூன்று மாதம் தள்ளிவைத்தார்கள். தண்டனையாக எல்லா ஹோட்டல்களுக்கும் பொதுவான பயிற்சிப் பட்டியல் ஒன்றைத் தமிழிலும் தெலுங்கிலும் தயாரிக்கச் சொன்னார்கள். பட்டியல் போடுவதைத் தண்டனை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பட்டியலில் பதினான்கு விஷயங்கள். பாட்டிலில் இருக்கும்போது புரோப் பாட்டிலைத்தான் பார்க்கிறது என்பது முதலாவது. எண் கொஞ்சம் ஆடினால் கருவி உயிரோடு இருக்கிறது என்று பொருள் என்பது இரண்டாவது. பூஜையைக் கேபிளுக்குச் செய்யவும் என்பது ஒன்பதாவது. வாரம் இருமுறை சொட்டு விட்டு, நிறத்தோடு எண்ணை ஒப்பிடவும் என்பது பத்தாவது. அந்த நிறங்களுக்கு ஆபரேட்டர் வைத்த பெயர்களையே போட்டிருக்கிறேன். கடைசி மூன்றும் அவர் சொல்லி நான் எழுதியவை.

இப்போதைய நிலை இது. புரோப் குழாயில் இருக்கிறது. இரண்டு மாதம் சந்தனமும் குளோரினும் படாமல் இருந்ததால் என் பொறுப்பில் உள்ள புரோப்புகளிலேயே அதுதான் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. திரையில் எண் 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் ஆடுகிறது. டி.வி.யில் அதை நிறுத்திவிட்டு வானிலையைப் போடுகிறார்கள். சான்றிதழ் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. கடிதம் இழுப்பறையில் இருக்கிறது. ஆபரேட்டர் வேலையில் இருக்கிறார்.